உப்புவெளியில் ஒரு குதிரைவண்டி

மோட்டார் சைக்கிளில் பாலைநிலத்தைக் கடந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆளரவமற்ற வெளி, கொதிக்கும் இயந்திரம், தளராத மனம் என்று மூன்று பாத்திரங்கள். நான்காவதாக எவரேனும் வந்தால் அவர் தற்செயல் என்ற பெயரில் வந்து ஒரே வாக்கியத்தில் மறைந்துவிடுவார். 1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் இரு சகோதரிகள் வழிதவறி நின்ற நாளின் கதையிலும் அப்படி ஒருவர் வருகிறார். குதிரை பூட்டிய வண்டியில் வந்தவர். தாதுக்களைத் தேடி மலையடிவாரங்களில் அலைவது அவர் தொழில். சகோதரிகளிடம் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது; அவர் வந்ததால் பிழைத்தார்கள். அவருடைய பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மோட்டார் சைக்கிள்களைக் காட்டிலும் அந்தக் குதிரைவண்டியின்மேல்தான் கவனம் போகிறது.

சகோதரிகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அகஸ்டா வான் ப்யூரன், அடெலினா வான் ப்யூரன். மூத்தவருக்கு 32 வயது, இளையவருக்கு 27. அமெரிக்காவின் எட்டாவது குடியரசுத் தலைவரான மார்ட்டின் வான் ப்யூரனின் வம்சத்தில் வந்தவர்கள். ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை. ஆனால் தியோடர் ரூஸ்வெல்ட் போன்றவர்கள் நாடு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று ஓங்கிப் பேசிவந்தார்கள். அந்த இயக்கத்தின் உணர்வில் ஊறியவர்கள் இந்த இருவரும். போர் வந்தால் படைகளுக்கிடையே மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் வேலையைப் பெண்கள் ஏற்கலாம், அதனால் அத்தனை ஆண்கள் போர்முனைக்கு விடுவிக்கப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். வாதத்தைப் பேசி நிறுவாமல் ஓட்டி நிறுவ நினைத்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊரைத் தாக்கியதும், அவரைத் தேடி ஜெனரல் பெர்ஷிங்கின் படை மெக்சிகோவின் வறண்ட நிலத்துக்குள் மோட்டார் சைக்கிள்களோடு நுழைந்திருந்ததும் நினைவில் கொள்ளத்தக்கவை. பாலைநிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுமா என்பது அன்று படைத்துறையின் கேள்வியாகவும் இருந்தது.

ஜூலைத் தொடக்கத்தில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியிலிருந்து ஆளுக்கொரு வண்டியில் புறப்பட்டார்கள். இண்டியன் நிறுவனம் அந்த ஆண்டில் வெளிக்கொணர்ந்த பவர்பிளஸ் வண்டி அது. ஏறத்தாழ 1000 சிசி, இரட்டை சிலிண்டர், அசிட்டிலின் வாயுவில் எரியும் முகப்பு விளக்கு. முந்தைய ஆண்டிலேயே எஃபி ஹாட்ச்கிஸ் என்ற பெண், பக்கத்தொட்டியில் தன் தாயார் ஏவிஸை அமர்த்திக்கொண்டு, ஹார்லி டேவிட்சன் வண்டியில் இதே ப்ரூக்ளினிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போய்த் திரும்பியிருந்தார். வழியில் மாற்று டியூப்கள் எல்லாம் தீர்ந்துபோனபோது ஒரு கம்பளியை வெட்டிச் சுருட்டி டயருக்குள் திணித்து ஓட்டியவர் அவர். எஃபிக்கு எதையும் நிறுவும் எண்ணம் இருக்கவில்லை. ஊர் பார்க்கப் போனார். அதனாலேயே அவரை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வான் ப்யூரன் சகோதரிகள் போனதோ பக்கத்தொட்டி இல்லாத தனி வண்டிகளில். இரண்டு சக்கரங்களில் அத்தனை எடையைச் சேற்றிலும் மணலிலும் சாயாமல் பிடித்துச் செல்வது வேறொரு கலை.

சிகாகோவைக் கடந்ததும் சிற்றூர்களில் காவலர்கள் அவர்களைப் பலமுறை பிடித்துவைத்தார்கள். வேகமாக ஓட்டினார்கள் என்பதற்காக அல்ல. ஆண்களைப்போலக் கால்சட்டை அணிந்திருந்தார்கள் என்பதற்காக. கொலராடோவில் பதினான்காயிரம் அடிக்கும் மேற்பட்ட பைக்ஸ் பீக் சிகரத்துக்கு வண்டிகளை ஏற்றினார்கள். மோட்டார் வண்டியில் அந்த உச்சியை எட்டிய முதல் பெண்கள் இவர்களே. டென்வர் பத்திரிகை ஒன்று, வீட்டுப் பொறுப்புகளிலிருந்து தப்பிப்பதற்கும் தோலுடையில் உடல்வாகைக் காட்டுவதற்கும் இவர்கள் நாட்டுப்பற்றைச் சாக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொருளில் எழுதியது. இதில் ஒரு விந்தை உண்டு. அவர்கள் புறப்பட்ட நியூயார்க் மாநிலத்தில் 1916இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. அவர்கள் கடக்கவிருந்த பாலை மாநிலங்களான யூட்டாவிலும் நெவாடாவிலும் உண்டு. யூட்டா 1896இலும் நெவாடா 1914இலும் அதை வழங்கிவிட்டிருந்தன.

பாலை என்ற சொல் நமக்குத் தரும் சித்திரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு யூட்டாவின் மேற்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே மணற்குன்றுகள் குறைவு. பனியூழிக் காலத்தில் பான்வில் என்று பின்னர் பெயரிடப்பட்ட பேரேரி ஒன்று அந்த நிலத்தை மூடியிருந்தது. அது வற்றிச் சுருங்கியதன் எச்சமே இன்றைய பெரிய உப்பு ஏரி. ஏரி பின்வாங்கிய தரை, கண்ணுக்கெட்டியவரை வெண்ணிறத் தட்டையாகக் கிடக்கிறது. மேலே உப்பும் களிமண்ணும் கலந்த பொருக்கு. அதன் கீழே சேறு. உலர்ந்த நாளில் தாங்கும். ஈரம் பட்டால் சக்கரத்தை விழுங்கும். தொலைவிலுள்ள மலைகள் அருகில் இருப்பதுபோலத் தோன்றும். 1846இல் டோனர் குழுவினர் கலிஃபோர்னியாவை நோக்கி மாட்டு வண்டிகளோடு இதைக் கடந்தார்கள். இரண்டு நாள் வழி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. நீரின்றி எருதுகள் கட்டறுத்துக்கொண்டு ஓடின, வண்டிகள் கைவிடப்பட்டன. இழந்த அந்த நாட்கள்தான் பின்னர் அவர்களைச் சியரா நெவாடா மலையின் பனியில் சிக்கவைத்தவற்றுள் ஒன்று.

இந்த நிலத்தை மோட்டார் சைக்கிளில் கடக்க முதலில் வழி கண்டவர் ஜார்ஜ் வைமன். 1903 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே புறப்பட்டார். வண்டி, சைக்கிளில் ஒரு சிறிய இயந்திரத்தைப் பொருத்தியது போன்ற ஒன்று. குதிரைத்திறன் ஒன்றேகால். நெவாடாவில் சாலை என்று சொல்ல எதுவும் இல்லாததால் அவர் ரயில் பாதையில் ஏறிவிட்டார். தண்டவாளங்களுக்கு நடுவே சிலீப்பர் கட்டைகளின்மேல் நூற்றுக்கணக்கான மைல்கள் தடதடத்துப் போனார். உப்பு ஏரியைச் சுற்றியும் அப்படித்தான். அந்தப் பயணத்தில் அவர் உயிரைக் காத்தது இயந்திரமென்று சொல்வதற்கில்லை. பாதையோரம் சில மைல்களுக்கு ஒன்றாக இருந்த பராமரிப்புத் தொழிலாளர் குடியிருப்புகள்தாம் காத்தன. அங்கே தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, இரவில் படுக்க இடம் இருந்தது. ரயில் இயந்திரங்களுக்கு நீர் வேண்டும் என்பதற்காக வறண்ட நிலத்தில் மனிதர்கள் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வைமன் மறுகரை சேர்ந்தார். ஜூலை 6ஆம் தேதி நியூயார்க்கை அடைந்தபோது இயந்திரம் ஏறத்தாழச் செத்துவிட்டிருந்தது; கடைசி நூற்றைம்பது மைல் அளவுக்கு மிதித்தே வந்தார். அமெரிக்காவை மோட்டார் வண்டியில் குறுக்காகக் கடந்த முதல் மனிதர் அவர்தான் என்றாலும், சில நாட்கள் கழித்துக் காரில் வந்து சேர்ந்த ஹொரேஷியோ ஜாக்சனின் பெயரே அதிகம் பேசப்படுகிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சகோதரிகள் வந்தபோது ஒரு சாலை இருந்தது. தாளில் இருந்தது என்பது சரியாக இருக்கும். 1913இல் அறிவிக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலை, சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே உப்புவெளியின் தெற்கு ஓரமாக, பழைய குதிரைத் தபால் வழியை ஒட்டிச் சென்றது. வழியிலிருந்த ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றுப் பண்ணையைப் பற்றி நெடுஞ்சாலைச் சங்கத்தின் கையேடு தரும் அறிவுரை புகழ்பெற்றது: வண்டி சிக்கிக்கொண்டால் சேஜ் புதர்களைக் குவித்துத் தீ மூட்டவேண்டும், புகையைக் கண்டு பண்ணைக்காரர் தாமஸ் குதிரைகளோடு வந்து இழுத்துவிடுவார். கட்டணம் உண்டு. சேறு காய்ந்துபோகும் சமயங்களில் அவரே தண்ணீர் ஊற்றி ஈரமாக்கிவிடுவார் என்று பயணிகள் முணுமுணுத்தார்கள் என்பது செவிவழிக் கதை. அதற்கும் மேற்கே, டீப் க்ரீக் மலையடியில், கோஷியூட் பழங்குடியினர் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். எந்தப் பாறையிடுக்கில் எந்தப் பருவத்தில் நீர் நிற்கும் என்ற அறிவைக் கொண்டே பல நூற்றாண்டுகள் அந்த நிலத்தில் நிலைத்தவர்கள் அவர்கள். குதிரைத் தபாலின் நிலையங்களும் பிறகு வந்த பண்ணைகளும் அவர்களுடைய ஊற்றுகளின் மேல்தான் எழுந்தன. அதனால் அவர்களுக்கும் வந்தேறிகளுக்கும் இரத்தம் சிந்தும் மோதல்களும் நடந்தன. ஆளற்ற வெளி என்ற வருணனையை இங்கே நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். ஆகஸ்ட் வெயில். தடம் மெலிந்து மெலிந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போயிற்று. அந்த நிலத்தில் பழைய வண்டித்தடங்கள் பிரிந்தும் கூடியும் செல்லும். காற்று ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்துவைக்கும். காரில் வருபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குடிப்பதற்கான நீரில் பாதியை ரேடியேட்டர் குடித்துவிடும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளுக்கு நீர் தேவையில்லை. ஆனால் அது சுமக்கக்கூடிய நீரும் மிகக் குறைவு. ஒரு நாள் தாங்கும் அளவு இருந்தால் அதுவே பெரிது. வழி தவறிய மணிநேரம் ஒவ்வொன்றும் அந்தச் சிறு சேமிப்பிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. முன்னால் செல்வதா, வந்த தடத்தையே தேடித் திரும்புவதா என்பதில் தவறான முடிவெடுக்க ஒரு முறைதான் வாய்ப்பு. தண்ணீர் முற்றிலும் தீர்ந்த நிலையில்தான் அந்தக் குதிரைவண்டி வந்தது. வண்டிக்காரரிடம் தண்ணீர் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது.

இதைச் சொல்பவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1916இல் அந்த வெளியில் தாது தேடும் ஒருவர் ஏன் இருந்தார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியப் போரின் காரணமாகச் செம்பின் விலை 1914ஆம் ஆண்டைப்போல ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. உப்புவெளியின் மேற்கு விளிம்பில் கோல்ட் ஹில் என்ற பழைய சுரங்க ஊர், பொன் தீர்ந்து சோர்ந்து கிடந்தது, செம்புக்காக மறுபடி விழித்தெழுந்தது. 1917இல் அதற்கென்றே ஒரு ரயில் பாதை போடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு திரும்பிப் பார்க்க ஆளில்லாத மலையடிவாரங்களில் மீண்டும் கோடரியும் சல்லடையும் குதிரைவண்டியுமாக மனிதர்கள் அலைந்தார்கள். எந்தப் போரில் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று காட்டச் சகோதரிகள் கிளம்பினார்களோ, அதே போரின் விலைவாசிதான் அந்த வண்டியையும் அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் தற்செயல் என்ற சொல்லைவிட இது எனக்குத் திருப்தி தருகிறது. நீர் இருக்கும் இடம் அறியாமல் தாது தேடுபவர் ஒரு வாரம்கூடப் பிழைக்க முடியாது. அவர் கொடுத்தது ஒரு குடுவைத் தண்ணீர் மட்டுமன்று, தொழிலில் சேர்ந்த நில அறிவும்கூட.

செப்டம்பர் 2ஆம் தேதி சகோதரிகள் சான் ஃபிரான்சிஸ்கோவை அடைந்தார்கள். ஒரு வாரத்துக்குள் லாஸ் ஏஞ்சலீஸ். பின் எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானா. மொத்தம் ஏறத்தாழ 5,500 மைல். மோட்டார் சைக்கிள் இதழ்கள் வண்டியைப் புகழ்ந்தன. ஓட்டியவர்களின் பயணத்தை விடுமுறை உலாவாகக் குறிப்பிட்டன. செய்தி கொண்டுசெல்லும் பணிக்கு அடெலினா விண்ணப்பித்தபோது இராணுவம் நிராகரித்துவிட்டது. அவர் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்று, அமீலியா இயர்ஹார்ட் தலைமை வகித்த பெண் விமானிகளின் சங்கத்தில் சேர்ந்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் புகழ்மண்டபத்தில் அவர்கள் பெயர் இடம்பெற்றது 2002இல்.

உப்புவெளியின் நடுவே நேராக வெண்டோவர் வரை செல்லும் சாலை 1925இல் திறக்கப்பட்டது. லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கம் விரும்பியது தெற்குவழியை, யூட்டா அரசு விரும்பியது இதை, அரசு வென்றது. அதன்பின் வண்டிகள் அஞ்சிய அதே உப்புப் பொருக்கு, வண்டிகளின் வேகத்தைச் சோதிக்கும் களமாயிற்று. 1948இல் ரோலி ஃப்ரீ, நீச்சலுடையோடு வின்சென்ட் வண்டியின்மேல் குப்புறப் படுத்தபடி மணிக்கு 150 மைலைத் தாண்டியது அங்கேதான். 1967இல் நியூசிலாந்துக் கிழவர் பர்ட் மன்ரோ, பல்லாண்டுகள் தானே செதுக்கிச் செதுக்கித் திருத்திய ஒரு பழைய இண்டியன் வண்டியில் சாதனை செய்ததும் அங்கேதான்.

தெற்குவழி அப்படியே கிடக்கிறது. தாமஸின் பண்ணை இருந்த ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் 1959 முதல் பறவைகளுக்கான சரணாலயம். வறண்ட வெளியின் நடுவே நாணலும் நீருமாக நிற்கிறது. அந்தச் சரளைப் பாதையில் இன்றும் மோட்டார் சைக்கிள் பயணிகள் போகிறார்கள். இடையில் நீண்ட தூரத்துக்குப் பெட்ரோல் கிடைக்காது, குடிநீரையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.