பனி, சளி, மிதிவண்டி: பெங்களூரின் குளிர்கால விடியல்கள்

பெங்களூரின் வானிலைப் பதிவுகளில் மிகக் குளிர்ந்த நாள் 1884 ஜனவரி 13. அன்று வெப்பநிலை 7.8 பாகை செல்சியசுக்கு இறங்கியது. இன்று நாம் மிதிவண்டி என்று அறியும் வடிவம் அந்த விடியலில் உலகின் எந்தச் சாலையிலும் பரவியிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் 1885இல்தான் வெளிவந்தது. டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. நகரத்தின் மிகக் கடுங்குளிரும் மிதிவண்டியும் ஓராண்டு இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிட்டன. ஆயினும் அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள், அந்நகரத்தின் குளிர்கால விடியலைப் பெருமளவில் உடலால் அறிந்தவர்கள் மிதிவண்டியில் சென்றவர்களே.

பெங்களூரின் குளிரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்தின் தட்பவெப்பம் ஐரோப்பிய உடலுக்கு உகந்தது என்ற கருத்து, 1809இல் கண்டோன்மென்ட் உருவான காலம்தொட்டு வேரூன்றியது. ஆணையர் மார்க் கப்பன் அக்குளிரும் போதாமல் நந்தி மலையில் கோடைக்கால இல்லம் கொண்டிருந்தார். இவ்வெழுத்துகளில் குளிர் எப்போதும் ஒரு வரமாகவே வருகிறது. விடியலுக்கு முன் எழுந்து அதற்குள் வண்டி மிதித்துச் சென்றவர் அதை எவ்வாறு உணர்ந்தார் என்பதற்கு ஆவணக்காப்பகத்தில் இடம் மிகக் குறைவு. டேவிட் ஆர்னால்டு அன்றாடத் தொழில்நுட்பங்கள் குறித்து 2013இல் வெளியிட்ட நூலில் தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றோடு மிதிவண்டியையும் நவீன இந்திய வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வண்டி எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் ஓடியது என்ற கேள்வியும் அவ்வளவே முக்கியமானது.

இங்கே சொற்கள் சிறிது உதவுகின்றன. கன்னடத்தில் குளிருக்குச் ‘சளி’ என்று பெயர், குளிர்காலம் ‘சளிகால’. தமிழில் சளி நெஞ்சில் கட்டுவது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ஒரு மொழியில் அது காற்றில் தங்கிவிட்டது, மற்றொன்றில் உடலுக்குள் இறங்கிவிட்டது. தமிழின் ‘பனி’ கன்னடத்தின் பகர ஹகர மாற்றத்தால் ‘ஹனி’ ஆகித் துளியைக் குறிக்கிறது. மூடுபனியைக் குறிக்கும் கன்னடச் சொல் ‘மஞ்சு’, தமிழ் இலக்கியத்தின் மேகமாகிய மஞ்சுவோடு உறவுடையது. படையோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் இவ்விரு சொல்வளங்களும் அருகருகே வாழ்ந்தன. அப்பகுதியிலிருந்து அதிகாலையில் வேலைக்குப் புறப்பட்டவருக்குக் கன்னடச் ‘சளி’யே தமிழ்ச் சளியாக மாறும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. மப்ளரும் குரங்குக் குல்லாயும் இன்று கேலிக்குரிய உடைகளாகிவிட்டன; அன்று அவை தொழிற்கருவிகள் போன்றவை.

மிதிவண்டியின் பெருங்காலம் பொதுத்துறையோடு வந்தது. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என ஆலைகள் நகரத்தின் கிழக்கு, வடமேற்கு விளிம்புகளில் எழுந்தன. தொலைபேசிக் கருவிகள் செய்த ஐ.டி.ஐ.யின் குடியிருப்புக்குத் தொலைபேசிக்கான கன்னடச் சொல்லே பெயராகித் தூரவாணி நகர் ஆனது. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் நிறுவப்பட்டபின், இறக்குமதியை நம்பியிராமல் உள்நாட்டு வண்டிகளும் கிடைக்கலாயின. முறைவேலை, விளிம்பில் ஆலை, கிட்டத்தட்டச் சமமான சாலை, குளிர்ந்த காற்று: இவை நான்கும் சேர்ந்தபோது மிதிவண்டி தொழிலாளியின் இயல்பான ஊர்தியாயிற்று.

குளிர்காலத்தில் அந்தப் பயணம் எளிதன்று. பலரும் ஆண்டின் மிகத் தாமதமான விடியல் டிசம்பர் 21ஐ ஒட்டி வருவதாக எண்ணுவர். பெங்களூரின் அகலாங்கில் அது ஜனவரியின் பிற்பகுதியில்தான், ஏறக்குறைய 6.45 மணிக்கு நிகழ்கிறது. மார்கழியைவிடத் தையில்தான் காலைகள் அதிகம் இருண்டவை. ஆறு மணிக்குப் புறப்படுபவருக்கு விளக்கு தேவை. டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் டைனமோ, வண்டியின் வேகத்துக்கேற்பவே ஒளி தரும். மூடுபனியில் ஓட்டுநர் எச்சரிக்கையாக வேகத்தைக் குறைத்தால் விளக்கு மங்கும்; நின்றால் அணைந்தே போகும். மிகத் தேவைப்படும் தருணத்தில் கைவிடும் விளக்கு அது. கம்பித் தடை பொருத்திய வண்டிகளில் வேறோர் இடர்: குரோமியம் பூசிய எஃகுச் சக்கர விளிம்பில் பனி படிந்துவிட்டால், முதல் சில சுற்றுகளுக்குத் தடைக்கட்டை வழுக்கும். இருட்டு விலகிய பின்னும் சிக்கல் தீராது. பழைய மதராஸ் சாலையில் கிழக்கு நோக்கிச் செல்பவரின் கண்ணில் தாழ்ந்த சூரியன் நேராக விழும். மாலையில் திரும்புகையில் மேற்குச் சூரியன் அதையே செய்யும். பின்னே வரும் பேருந்து ஓட்டுநருக்கும் இதே வெளிச்சம்தான்.

ஆனால் இதை வெறும் துயரக் கதையாக்குவது பிழை. கோடையில் வியர்த்துக் களைக்கும் தொலைவைக் குளிர்காலத்தில் உடல் சூடேறும் இன்பத்தோடு கடக்கலாம். முதல் பத்து நிமிடங்களுக்கு விரல்கள் மரத்திருக்கும், பிறகு மப்ளரைத் தளர்த்தத் தோன்றும். கார்த்திகையின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசே குளிர்காலத்தின் தொடக்கத்தை அறிவிக்கும். அதைத் தொடர்ந்து அவரைக்காய் வரும். பனி பட்ட அவரைக்கே அந்த மணம் உண்டென்பது இவ்வூரின் உறுதியான நம்பிக்கை, அம்மணத்துக்குச் ‘சொகடு’ எனக் கன்னடத்தில் தனிச்சொல்லே இருக்கிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவருக்கு இந்தப் பருவம் கண்ணுக்கு மட்டுமே உரியது. மிதிவண்டியில் செல்பவருக்கு மூக்குக்கும் தோலுக்கும் உரியது.

1980 டிசம்பர் 26 அன்று பொதுத்துறைத் தொழிலாளர்கள், ‘பெல்’ எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்துக்கு இணையான ஊதியம் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 77 நாள்கள் நீடித்து மார்ச்சில் முடிந்தது. ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதியை ஆலைச் சங்கு இல்லாமலே நகரம் கழித்தது. அதே 1980இல்தான் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தமிழ்நாட்டின் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 சந்தைக்கு வந்தது. இரண்டையும் காரண காரியமாக இணைக்கக் கூடாது. எனினும் மிதிப்பதிலிருந்து விசைக்கு மாறும் காலத்தின் வாசலாக அவ்வாண்டைக் கொள்வதில் தவறில்லை. மொபெட்டும், பின்னர் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் எடுத்துக்கொண்ட சாலையில் மிதிவண்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

திரும்பி வந்தபோது அது வேறொன்றாக வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் தலைக்கவசமும் கியர் வண்டியும் கொண்ட ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் விடியலுக்கு முன் பல்லாரி சாலை வழியே நந்தி மலைக்குப் புறப்பட்டன. 1478 மீட்டர் உயரமுள்ள மலையின்மேல் நின்று, கீழே மூடுபனி ஏரிபோல் தேங்கிக் கிடப்பதைப் பார்ப்பதே அப்பயணத்தின் பரிசு. இடரும் அதே பனியில்தான். 2008இல் திறந்த தேவனஹள்ளி விமான நிலையம் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் விமானங்களைத் தாமதப்படுத்தும்போது, அதற்குச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் வாகனங்கள் விரைந்துகொண்டிருக்கும். ஏறுகையில் வியர்த்த உடலோடு இறங்குபவரை எதிர்க்காற்று சட்டென்று குளிர்விக்கும்; வளைவுகளில் தடையை அழுத்த வேண்டிய விரல்களே முதலில் மரத்துப்போகும். நகரத்துக்குள் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது: குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே சூடான அடுக்கு மூடிபோல் அமர, புகையும் நுண்துகளும் கீழேயே தங்கிவிடுகின்றன. தூய காற்று என்று நம்பி ஆழ்ந்து மூச்சிழுக்கும் நேரமே மாசு மிகும் நேரமாகவும் இருக்கக்கூடும்.

அரசு முயலாமல் இல்லை. ஜெயநகரில் தடங்கள் வரையப்பட்டன. விரைவிலேயே அவற்றில் கார்கள் நின்றன. 2013இல் மிதிவண்டி நாள் நிகழ்வுகள் தொடங்கின. 2020இல், கொரோனாக் காலத்தில், வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டுத் தற்காலிகத் தடம் அமைக்கப்பட்டது. பல இடங்களில் அக்கம்பங்கள் நிலைக்கவில்லை. இம்முயற்சிகள் பெரும்பாலும் கற்பனை செய்த பயணி, விரும்பி மிதிப்பவர்.

விருப்பமின்றி மிதிப்பவர் மறைந்துவிடவில்லை. நாளிதழ் போடுபவர், இரவுக்காவல் முடித்துத் திரும்புபவர், கே.ஆர். மார்க்கெட்டில் சேவந்தியும் கனகாம்பரமும் வாங்கிப் பின்னால் கட்டிச் செல்பவர் ஆகியோர் இன்றும் அதே இருட்டில்தான் செல்கின்றனர். ‘சைக்கிளிஸ்ட்’ என்ற சொல் இவர்களை அரிதாகவே குறிக்கிறது. அவர்களைச் சொல்லப் பெங்களூர்த் தமிழில் ‘சைக்கிள்ல போறவர்’ என்ற தொடரே இருக்கிறது. அவர்களின் வண்டியில் டைனமோவும் இப்போது இல்லை. பலருக்கு விளக்கு என்பது, பின்னால் வரும் வாகனத்தின் முகப்பொளியே.