புறப்பட மறுத்த வண்டி

ஒரு வண்டி முற்றாகவே நின்றுவிட்டால் அதனைத் திருத்துவது பெரிய வித்தையன்று. குறை கண்முன்னே கிடக்கும், தேடினால் அகப்படும். ஆனால், திங்களன்று மறுத்து, செவ்வாயன்று ஒன்றும் நடவாததுபோல் புறப்பட்டு, வெள்ளியன்று மீண்டும் மறுக்கும் வண்டி இருக்கிறதே, அதுதான் மனிதனின் பொறுமையைச் சோதிப்பது. கராச்சுக்குக் கொண்டு போனால் அங்கே நல்ல பிள்ளையாகிவிடும். வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி மறைந்துபோவதில்லையா, அது போலத்தான்.

அத்தகைய வண்டியொன்று என் மாமாவிடம் இருந்தது. 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப். மாமா குடியிருந்தது கொட்டாஞ்சேனையில். கடை வைத்திருந்தது வெள்ளவத்தையில், காலி வீதியோரத்தில். விடியுமுன் எழுந்து, அந்நாளில் புறக்கோட்டையில் இருந்த மனிங் சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு, ஆறு மணிக்குள் கடையைத் திறந்துவிடுவார். 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்த ஒழுங்கு குலைந்தது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் சில நாட்களில் இயந்திரம் அசைவதேயில்லை. முன்விளக்குகளோ பளிச்சென்று எரியும். கீழிறங்கி, முன்புறத் துவாரத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் உடனே உயிர்பெற்றுவிடும். மாமாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நெஞ்சுவலியும் இருந்தது.

பற்றரிதான் பழுது என்றார்கள் ஒரு கராச்சில். பொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம் அது. அலைந்து திரிந்து, இரு மாத வருமானத்தைக் கொட்டிப் புதுப் பற்றரி வாங்கினார். மூன்று வாரம் சுகம். நான்காம் வாரம் பழைய கதை. அடுத்து ஸ்டார்ட்டரைக் கழற்றிச் செப்பனிட்டார்கள். அதற்கும் பணம் போயிற்று, நோய் போகவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று மாமி கேட்டார். விற்பது எளிது. ஆனால் 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. விற்றபின் இன்னொன்று வாங்க வழியில்லை. வண்டி போனால் கடையும் போய்விடும் என்பதை மாமா சொல்லாமலே வீட்டில் எல்லாரும் அறிந்திருந்தோம்.

இவ்விடத்தில் கதையைச் சற்றே நிறுத்தி, ஸ்டார்ட்டர் என்னும் கருவியின் வரலாற்றைப் பார்ப்பது நலம். நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தொடக்க கால மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் கைப்பிடியால் சுழற்றப்பட்டவை. இயந்திரம் பின்னுதைத்தால் மணிக்கட்டு முறிந்துபோகும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தவரான சார்ல்ஸ் கெட்டரிங் இதற்கு மாற்றுக் கண்டார். அவர் முன்னர் பணப்பதிவு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில், அவ்வியந்திரத்தை மின்சாரத்தால் இயக்கும் மோட்டாரை அமைத்தவர். கணநேரம் மாத்திரம் உழைக்கும் மோட்டாருக்கு அதன் சக்திக்கு மிஞ்சிய சுமையைக் கொடுக்கலாம், சூடேறிக் கருகுமுன் வேலை முடிந்துவிடும் என்ற பாடத்தை அங்கே கற்றிருந்தார். 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகள் அவருடைய மின் ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன. போர்ட் நிறுவனத்தார் தம் புகழ்பெற்ற 'ரி' மாதிரி வண்டிக்கு அதனை விருப்பத் துணைக்கருவியாக வழங்க 1919 ஆயிற்று.

சின்னஞ்சிறு மோட்டார், ஆனால் சில விநாடிகளுக்கு அது குடிக்கும் மின்னோட்டம் நூறு அம்பியரையும் தாண்டும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இங்கே கைகொடுக்கும். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் அத்தடையில் இழக்கப்படும் வோல்ற்று கிடைக்கும். 150 அம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடை நுழைந்தாலே மூன்று வோல்ற்று மாயமாகிவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் ஸ்டார்ட்டர் தள்ளாடும். தடை இன்னும் கூடினால் அசையாது. முன்விளக்கு இரண்டுக்கும் சேர்த்து ஆறு அம்பியர் போதும். அதே தடையில் விளக்குகள் இழப்பது ஒரு வோல்ற்றின் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே, விளக்கு நன்றாக எரிகிறது என்பது ஸ்டார்ட்டருக்குச் சாட்சியாகாது.

இரண்டாவது கண்டுபிடிப்பு இறப்பர். 1931ஆம் ஆண்டின் பிளைமவுத் வண்டியில் கிறைஸ்லர் நிறுவனத்தார் இயந்திரத்தை இறப்பர்த் தாங்கிகளின் மேல் மிதக்கவிட்டனர். அதிர்வு அடங்கியது, பயணிகளுக்குப் பெரும் சுகம். பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. ஆயினும் இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. மோட்டார் வண்டியிலே மின்சாரம் ஒரு வழியாகத்தான் கம்பியில் ஓடும். மறு வழி வண்டியின் இரும்புடல். ஆகையால் மிதக்கும் இயந்திரத்தையும் உடலையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டியொன்று வேண்டியதாயிற்று. அதனை 'எர்த்துப் பட்டி' என்பர். மொறிஸ் மைனரில் அது கியர்ப்பெட்டிக்கும் அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில், யார் கண்ணிலும் படாமல், சேற்றையும் எண்ணெயையும் வாங்கிக்கொண்டு தொங்கும்.

இனி மாமாவிடம் திரும்புவோம். பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களோடு வாழ்ந்த முதிய பாஸ் ஒருவரை யாரோ சொன்னார்கள். அவர் வண்டியைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "நோய் இல்லாத நேரத்தில் நாடி பிடித்து என்ன பயன், முதலாளி? அது மறுக்கிற அன்றைக்கு ஆளனுப்புங்கள். அதுவரை தள்ள வேண்டாம், ஆட்ட வேண்டாம், கைப்பிடி போட வேண்டாம்" என்றார். எனக்குத் தெரிந்த அளவில், விட்டுவிட்டு வரும் கோளாற்றைப் பிடிக்க இதனைவிடச் சிறந்த விதி இல்லை. தள்ளினாலே இயந்திரம் இறப்பரின் மேல் அசைந்து, விட்ட தொடர்பு ஒட்டிக்கொள்ளலாம். குறையும் ஒளிந்துகொள்ளும்.

ஐந்தாம் நாள் வண்டி மறுத்தது. நான் இருளில் சைக்கிளில் ஓடினேன். பாஸ் வந்து, முதலில் ஒரு சிறு விளக்கின் கம்பி ஒன்றை இயந்திரத்திலும் மற்றதை வண்டியின் உடலிலும் பிடித்தார். இரண்டும் ஒரே இரும்பாக இணைந்திருந்தால் அவ்விளக்கு எரியவே கூடாது. மாமா குமிழை இழுத்தார். விளக்கு எரிந்தது. மறுபடியும் இழுக்கச் சொல்லிவிட்டு, "இப்போது சோக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன்; சுட்டது. பட்டி வழி அடைபட்ட மின்சாரம், உடலையும் கார்புரேற்றரையும் தொடுக்கும் அந்த மெல்லிய சோக் கம்பியின் வழியே முண்டியடித்திருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு அது போதாது. ஆனால் தீப்பொறிக்கு வேண்டிய மூன்று நான்கு அம்பியருக்கு அது தாராளம். கைப்பிடி போட்டபோதெல்லாம் வண்டி உயிர்பெற்றதன் இரகசியம் அதுவே. நாங்களோ அதனையே பற்றரி பழுதென்பதற்குச் சான்றாகக் கொண்டிருந்தோம்!

பட்டியைக் கழற்றினார். வெள்ளவத்தைக் கடலின் உப்புக்காற்றில் நாள் முழுதும் நிற்கும் வண்டி. செம்பு பச்சை பூத்து, சில இழைகளே மிஞ்சி, ஆணியும் தளர்ந்திருந்தது. பழைய லொறியொன்றின் பட்டியை வெட்டிப் பொருத்தி, இரு முனைகளையும் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். கூலி பற்றரி விலையில் ஒரு சிறு துளி. அவர் ஒன்றையும் ஊகித்து மாற்றவில்லை. புதுப் பாகம் கிடையாத நாட்டில் ஊகத்துக்கு விலை அதிகம், சோதித்தறிவதே மலிவு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இந்தப் பழக்கம் நம் கராச்சுகளில் பெரிதும் தளர்ந்ததென்பது என் எண்ணம். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டிருந்தபோது பலர் அதனைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடை எரிக்கப்பட்டது. வண்டி அன்று கொட்டாஞ்சேனையில் நின்றது. பின்னேரம் அயல்வீட்டுச் சிங்களவர் ஒருவர் சாரதி ஆசனத்தில் ஏறினார். நாங்கள் பின்னால் சாக்குகளுக்கடியில் படுத்துக்கொண்டோம். இறங்கித் தள்ளவோ கைப்பிடி சுழற்றவோ இயலாத நேரம். அவர் குமிழை ஒரு தரந்தான் இழுத்தார், இயந்திரம் பிடித்துக்கொண்டது.