வானிலிருந்து புலப்படும் ஈமமேடுகள்: ஊவாத் தோட்ட நிலத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

எழுத்துச் சான்று இல்லாத காலத்தின் வரலாற்றை நிலமே கூறவேண்டியுள்ளது. ஆயின் நிலம் தானாகப் பேசுவதில்லை. அதனை வாசிப்பவர் யார், எவ்வசதியோடும் எந்நோக்கத்தோடும் வாசிக்கின்றார் என்பதைப் பொறுத்தே அதன் கூற்று அமைகின்றது. பயிரின் நிற வேறுபாட்டைக் கொண்டு, மண்ணுள் மறைந்த ஈமமேடுகளை விமான ஒளிப்படங்களில் இனங்காணும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அம்முறையின் தன்மையையும், பதுளை மாவட்டத் தோட்ட நிலத்தில் அது எதிர்கொள்ளும் எல்லைகளையும், அவ்வெல்லைகள் எழுப்பும் சமூக வினாக்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையின் அடிப்படை எளிமையானது. ஐரோப்பாவின் பண்டைய மக்கள் பலவிடங்களில் ஈமமேட்டைச் சுற்றி அகழி வெட்டினர். காலப்போக்கில் மேடு உழவினால் தேய்ந்தது, அகழி தூர்ந்தது. எனினும் தூர்ந்த அகழியில் மண் ஆழமாகவும் ஈரப்பற்றோடும் இருக்கும். வறண்ட கோடையில் அதன்மேல் நிற்கும் கோதுமையும் பார்லியும் உயர்ந்து வளர்ந்து, நெடுநாள் பச்சையாக நிற்கும். புதைந்த கற்கட்டின்மேல் நிற்பனவோ குன்றி, முன்னரே பழுக்கும். வயலில் நிற்பவருக்கு இது ஒழுங்கற்ற திட்டுக்களாகவே தோன்றும். வானிலிருந்து நோக்குபவருக்கு முழு வட்டமாகத் தெரியும்.

இங்கிலாந்தில் இம்முறையை ஓர் ஆய்வுத்துறையாக வளர்த்தவர் ஓ. ஜி. எஸ். குரோஃபோர்ட். முதலாம் உலகப் போரில் விமானப் படையில் நோக்குநராகப் பணியாற்றிய அவர், 1920 இல் அந்நாட்டு நில அளவைத் துறையின் முதலாவது தொல்லியல் அலுவலரானார். 1928 இல் அவரும் அலெக்சாண்டர் கீலரும் வெசெக்ஸ் பிரதேசத்தின் வான்படங்களை நூலாக வெளியிட்டனர். கீலர், மாமலேட் உற்பத்தியால் செல்வம் பெற்ற குடும்பத்தின் வாரிசு. பகைவனின் பதுங்குகுழியைத் தேடப் பயின்ற கண்ணும், தொழிற்சாலை ஈட்டிய உபரிச் செல்வமும் இணைந்தே இவ்வறிவுத்துறை பிறந்தது. இதனைச் சுட்டுவது அதன் பயனைக் குறைப்பதற்கன்று; எந்த அறிவும் தன் காலத்தின் உற்பத்தி நிலைமைகளுக்கு வெளியே தோன்றுவதில்லை என்பதை நினைவூட்டுவதற்கேயாம்.

இனி நமது சூழலுக்கு வருவோம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தோரை எரித்தல், வெளியே இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை வழக்கங்களைக் குறிப்பிடுகின்றது. புறநானூற்றின் 256 ஆம் பாடல், தாழி வனையும் குயவனை விளித்து அமைந்தது. இலங்கையில் அகழ்ந்தறியப்பட்ட ஈமத்தலங்கள் இப்பன்மைக்கு இயைந்தே காணப்படுகின்றன. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் தாழிகள். தம்புள்ளைக்கு அருகே இபன்கட்டுவவில் கற்பலகைகளால் அடைக்கப்பட்ட அறைகள். ஊவாவில் ஹல்துமுல்லைப் பகுதியிலும் முற்கால இரும்புக் காலத்து ஈமத்தலமும் குடியிருப்பும் இந்நூற்றாண்டில் ஆராயப்பட்டுள்ளன. ஆங்கில நாட்டு மேடுகளைப் போலப் பெரிய அகழி வட்டங்கள் இவற்றின் சிறப்பியல்பு அல்ல. தாழி ஒன்றின் வாயகலம் வானிலிருந்து புலப்படுவதற்கு எம்மாத்திரம்?

கணக்கிட்டுப் பார்ப்பின் இது தெளிவாகும். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடிய உதவியுடன் 1956 இல் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட விமானப் படங்கள் 1:40,000 என்னும் அளவுடையவை. அவற்றில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் 40 மீற்றரைக் குறிக்கும். 30 மீற்றர் விட்டமுடைய அகழி வட்டம் முக்கால் மில்லிமீற்றராகத் தோன்றும். 5 மீற்றர் விட்டமுடைய ஈமவட்டமோ ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கே. நீர்வளத்தையும் நிலப்பயன்பாட்டையும் அறிய எடுத்த படத்தில் இறந்தோரின் சுவட்டைத் தேடுவதில் உள்ள இடர்ப்பாடு இது.

பயிரும் துணைபுரிவதில்லை. ஓராண்டுக்குள் விளைந்து முதிரும் தானியப் பயிரே மண்ணின் ஈரத்தை உடனுக்குடன் காட்டவல்லது. தேயிலை பல்லாண்டுப் பயிர். அதன் வேர் ஆழமாக இறங்கும். கவ்வாத்து வெட்டும் காலம் தவிர, செடிகள் ஒன்றோடொன்று நெருங்கி நிலத்தை மூடிநிற்கும். பள்ளத்தாக்கின் நெல்வயலில் தேங்கும் நீர் ஈர வேறுபாட்டை அழித்துவிடும். வாய்ப்புள்ள ஓரிடம் ஊவாவின் பத்தனைப் புல்வெளியே. ஆண்டின் நடுப்பகுதியில், மலைகளைக் கடந்து வரும் வறண்ட காற்றிற் புல் கருகும்போது, மண் மெலிந்த இடம் முதலிற் காயும். ஆழ்ந்த இடம் பின்னர்க் காயும். காலை மாலைச் சாய்வொளியில் சிறு மேடுகளின் நிழலும் நீண்டு தெரியும்.

ஆயின், தெரியும் வட்டமெல்லாம் தொல்பழங்காலத்தது எனக் கொள்வது பெருந்தவறு. கோப்பிக் கால உலர்களம், கைவிடப்பட்ட மாட்டுப்பட்டி, இடிந்த லயத்தின் அத்திவாரம், பழைய கான் ஆகிய யாவும் இதே வகையான சுவடுகளைத் தரக்கூடியன. பிழையெனத் தள்ளப்படும் இச்சுவடுகளே ஏறத்தாழ இருநூறாண்டு உழைப்பின் வரலாற்றுச் சான்றுகள் என்பதை நாம் மறத்தலாகாது. தொல்லியலாளர் தேடியது ஈமவட்டமாக இருக்கலாம். படம் காட்டுவதோ தொழிலாளரின் அழிந்த குடியிருப்பாக இருக்கலாம். இரண்டும் வரலாறே.

இவ்விடத்து நில உடைமையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதே என்னும் ஊகத்தை நிலைநாட்டியது. ஊவாவின் கிராம மக்கள் 1817-1818 கிளர்ச்சியின் அடக்குமுறையால் சிதைந்திருந்தனர். அந்நிலையில் 'ஆளில்லா நிலம்' என்னும் கருத்து முதலீட்டாளருக்கு வசதியாயிற்று. 1907 இல் சரசின் சகோதர முறையினர் நில்கலையிலும் பண்டாரவளையிலும் கற்கருவிகளை ஆராய்ந்தபோது, அந்நிலத்தில் மனிதர் எத்துணைத் தொன்மைக் காலத்தில் வாழ்ந்தனர் என்பது வெளிப்படலாயிற்று. ஹல்துமுல்லைச் சான்றும் அதனையே வலியுறுத்துகின்றது. வெறுமை என்பது இயற்கையின் உண்மையன்று. அது சட்டத்தின் படைப்பு.

அறிவின் உடைமையும் இவ்வாறே பங்கிடப்பட்டது. மஸ்கெலியாவில் கற்கருவி சேகரித்த தோட்டத் துரை ஜோன் போலின் பெயர் ஆய்வேடுகளில் நிலைத்தது. அவ்வேடுகளிற் கூலியாள் வெறும் கையாகவே இருந்தான். ஆனால் கான் வெட்டியும் குழி தோண்டியும் மலைச்சரிவின் மண்ணை அடியடியாகப் புரட்டியவன் அவனே. கொந்தரப்புக் கணக்கில் நாளை அளந்த கங்காணியின் முன்னிலையில், மண்வெட்டியிற் பட்ட பானையோட்டை நின்று நோக்க அவனுக்கு என்ன ஓய்விருந்தது? 1948 இல் குடியுரிமையையே இழந்த மக்களிடம், நிலத்தின் தொன்மை பற்றி எவர் வினவியிருப்பர்?

வேறோர் ஆபத்தும் உண்டு. 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஈமப்புதையலோடு முத்திரை கிடைத்தபின், பெருங்கற் பண்பாட்டை ஓர் இனத்தின் உரிமைப் பத்திரமாக வாசிக்கும் போக்கு இரு தரப்பிலும் வலுப்பெற்றது. தாழியும் கல்லறையும் இரும்பும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டமும் ஓர் உற்பத்தி முறையையும் சடங்கையும் காட்டுவன. அவற்றைப் பயன்படுத்தியோர் பேசிய மொழியை அவை தாமாகக் கூறுவதில்லை. தென்னிந்தியாவோடு நிலவிய நெருங்கிய பண்பாட்டுறவை மறுப்பதும் தவறு. அவ்வுறவை இன்றைய இனவரையறையாகச் சுருக்குவதும் தவறு.

மண்ணை வாசிப்பது இறந்தோருக்காக மட்டுமன்று. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் 1990 களில் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடப் பணிக்கும் விமானப் படங்கள் துணைநின்றன. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலேயே, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அபாயம் அறியப்பட்டிருந்தது, தொழிலாளர் குடியேறுவதற்குரிய காணிதான் கிடைக்கவில்லை. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஈமத்தலமும், நம் காலத்தில் உயிரோடு புதையுண்ட லயமும் ஒரே பிரதேசத்தில் உள்ளன. முன்னோரைப் புதைத்த சமூகம் கல் சுமந்து, அறை அமைத்து, பாண்டம் வைத்து அவர்களை மதித்தது. பின்னோரைப் புதைத்தது, காணியற்ற உழைப்பை இயல்பெனக் கொண்ட சமூக அமைப்பு.

ஆகவே ஊவாவில் வான்வழி ஆய்வு, நிலத்தில் நடந்து செய்யும் கள ஆய்வோடும், தோட்ட மக்களின் வாய்மொழி அறிவோடும் இணைதல் வேண்டும். மரச்செறிவின் ஊடாகத் தரையின் உருவைப் பதியும் இன்றைய லேசர் அளவீடு 1956 இன் படங்கள் காட்டாதவற்றைக் காட்டக்கூடும். அப்போதும் ஒவ்வொரு சுவட்டையும் சரிபார்க்க மலையில் ஏறவேண்டும். அம்மலையை அறிந்தவர்களைக் கேட்கவேண்டும். அவர்களைச் சான்று சுமப்போராக மட்டுமன்றிச் சான்றை விளக்குவோராகவும் ஏற்கும் நாளிலேயே, ஊவாவின் தொல்வரலாறு அங்கு வாழும் மக்களுக்கும் உரிய வரலாறாகும்.