ஸ்ட்ராண்ட்

லண்டனின் பெயர்பெற்ற தெருக்களுள் ஒன்று ஸ்ட்ராண்ட். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் கரை, நீரோரம் என்று பொருள். ஜெர்மன், டச்சு மொழிகளில் இன்றும் கடற்கரைக்கு இதுவே சொல். ஆனால் இன்று அத்தெருவில் நடப்பவருக்குத் தேம்ஸ் ஆறு சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது.

பெயர் சரியானதே. ஆற்றைத்தான் ஒதுக்கிவிட்டார்கள். இடைக்காலத்தில் தெருவின் தென்புறம் ஆயர்களும் பிரபுக்களும் மாளிகை கட்டி வாழ்ந்தனர். தோட்டங்கள் நீர்வரை இறங்கின. படகேறத் தனிப் படித்துறைகள் இருந்தன. 1858 கோடையில், கழிவு கலந்த தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. பொறியாளர் ஜோசப் பசல்கெட், சாக்கடைகளை இடைமறித்துக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றுக்காக ஆற்றுக்குள்ளேயே கருங்கல் சுவர் எழுப்பி, உட்புறத்தை நிரப்பினர். 1870இல் திறக்கப்பட்ட அந்தக் கரைச்சாலைதான் விக்டோரியா எம்பேங்க்மென்ட். மேலே சாலையும் பூங்காவும், அடியில் சாக்கடையும் சுரங்க ரயிலும். ஒரே கட்டுமானத்தில் இத்தனையும் அடக்கியது வியக்கத்தக்க பொறியியல்.

அந்தப் பூங்காவில், அம்மாளிகைகளுள் ஒன்றான யார்க் மாளிகையின் படித்துறை வாயில் இன்றும் நிற்கிறது. 1626 அளவில் கட்டியது. அங்கிருந்து நீர் நூறு மீட்டருக்கும் அப்பால்! பழைய கரைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரைதட்டிய கப்பலைக் குறித்த 'ஸ்ட்ராண்டட்' என்பதும் இவ்வேரில் பிறந்ததே. வழியின்றித் தவிப்பவரைக் குறிப்பது பின்னால் வந்த பொருள். கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையிலும் யாங்கோன் ஆற்றோரத்திலும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சாலைகளுக்கு இட்டனர்.