பயந்த நாயின் வரலாறு

எங்கட வரலாறு நாயைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் வீரமான நாயைப் பற்றித்தான் பேசும். தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூர் எண்டொரு ஊர். அங்க 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கு, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. மாடு மீட்கிற சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல் அது. அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம். 1400 வருஷம் கழித்தும் அந்த நாயின் பேர் எங்களுக்குத் தெரியுது.

பயந்த நாய்க்கு யாரும் கல் நடவில்லை. கிரைண்டர் போட்டால் வளவைத் தாண்டி ஓடுற நாய், விளக்குமாற்றைத் தூக்கினாலே ஒன்றுக்குப் போற நாய், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய் விடியும்வரை வராத நாய் எல்லாத்துக்கும் நாங்க வைத்திருக்கிற ஒரே பேர் 'பயந்தாங்கொள்ளி'. அதை அந்த நாயின் குணம் எண்டு முடிவு கட்டிவிடுறம். ஆனால் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு, ஒரு காலம் இருக்கு. அதாவது அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

இதை விஞ்ஞானம் கண்டுகொண்டது ஒரு வெள்ளத்தில். இவான் பாவ்லோவை எங்களுக்குப் பாடசாலையில் மணியும் உமிழ்நீருமாகத்தான் தெரியும். 1924 செப்ரெம்பர் 23ஆம் திகதி லெனின்கிராட் நகரத்துக்குள் பெரிய வெள்ளம் வந்தது. பாவ்லோவின் நாய்க்கூடுகளுக்குள்ளும் தண்ணி ஏறியது. கூட்டின் கதவுகள் கீழ்ப்பக்கம் இருந்ததால், மூக்கை மட்டும் மேலே வைத்து நீந்திக்கொண்டிருந்த நாய்களின் தலையைத் தண்ணிக்குள் அமுக்கித்தான் வேலைக்காரர்கள் வெளியே எடுத்தார்கள். உயிர் தப்பிய நாய்கள் சிலது அதுவரை பழகியதை எல்லாம் மறந்துபோயின. நாட்கள் போகப்போகச் சில நாய்கள் தேறின. பிறகு அப்படித் தேறிய ஒரு நாய் இருந்த அறைக்குள், கதவுக்குக் கீழால் கொஞ்சம் தண்ணி ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவும் காணும். வெள்ளம் திரும்ப வந்த மாதிரி நாய் நடுங்கியது. வெறும் கொஞ்சத் தண்ணிதான். ஆனால் அந்த நாய்க்கு அது வெறும் தண்ணி இல்லை.

அமெரிக்காவில் 1920இல் ஜோன் வாட்சனும் ரொசலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, வெள்ளை எலிக்குப் பயப்படப் பழக்கினார்கள். அந்தப் பயத்தை எடுத்துவிடாமலே குழந்தையை அனுப்பியும் விட்டார்கள். நாலு வருஷம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் அதுக்கு எதிர்த்திசையில் போனார். முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சின்னப் பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூட்டோடு அறையின் தூரத்து மூலையில் வைத்தார். பிறகு கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட. கடைசியில் பையன் முயலைத் தடவினான். அதட்டலும் இல்லை, கட்டாயமும் இல்லை.

மூன்றாவது ஆள் ஜோசப் வொல்ப். இரண்டாம் உலகப் போரில் தென்னாபிரிக்கப் படையில் வைத்தியராக இருந்தவர். போரால் மனம் கலங்கின சிப்பாய்களுக்குக் கொடுத்த மருந்து சரிவராததைப் பார்த்துத்தான் வேறு வழி தேடினார். 1940களின் கடைசியில் பூனைகளை வைத்துச் சோதித்தார். ஓர் அறையில் மின்சாரம் பாய்ந்து பயந்த பூனை அந்த அறைக்குள் சாப்பிடாது. அந்த அறையைப் போலவே இல்லாத இன்னோர் அறையில் சாப்பிடும். அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு அறையாகப் பழைய அறைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். 1958இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1974இல் அமெரிக்காவில் ரியூபர், ஹொதர்சால், வொய்த் ஆகியோர் இதே வழியை இடிக்குப் பயந்த நாய்க்குச் செய்து காட்டினார்கள். பதிவு செய்த இடிச் சத்தத்தை மெல்லப் போட்டு, நாய் அமைதியாக இருக்கும்போது தின்னக் கொடுத்து, சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்க. பயத்தை உண்டாக்கினது மனிசர். ஆற்றக் கண்டுபிடித்த வழி ஒரு சின்னப் பையனில் தொடங்கி, மிருகத்துக்குப் போய், திரும்ப மனிசனுக்கு வந்து, அதுக்குப் பிறகுதான் வீட்டு நாய்க்கு வந்திருக்கு.

இப்ப மண்டூருக்கு வருவம். எங்கட ஊரின் சத்தங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் ஹேர்மீஸ் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. பிறகு வந்த எங்கட யுத்தத்தில் ஷெல், கிபிர், பல்குழல். 2007இல் படுவான்கரையில் சண்டை நடந்தபோது மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்த சனம் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. உடுத்த உடுப்போடு வாவியைக் கடந்த சனம் நாயையும் கூட்டிக்கொண்டு போக ஏலுமா? திரும்பி வந்தபோது சில வளவுகளில் நாய் நின்றது, சில வளவுகளில் இல்லை. ஆட்களுக்கே கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் நாய்க்கு யார் கணக்கு வைப்பது?

யுத்தம் முடிந்தும் சத்தம் முடியவில்லை. வேளாண்மை விளைகிற காலத்தில் போரதீவுப்பற்று வட்டைகளுக்குள் யானை இறங்கும். இரவில் யானை வெடி போடுவார்கள். அதைப் பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. வாடியில் படுக்கிறவருக்கு உயிரும் ஒரு போகத்து விளைச்சலும்தான் முன்னால் நிற்கும். ஆனால் அவரோடு காவலுக்குப் போன நாய் அந்த வெடியில் பதறி ஓடினால், அதைக் கோழை எண்டு உதைக்கிறதில் நியாயம் இல்லை. மனிசக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும். எங்களுக்குச் சும்மா கேட்கிற கிரைண்டரே அதுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

எங்கட முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்வது எல்லாருக்கும் தெரியும். உள்ளுக்கு அவ்வளவு அமைதி. வெளியில் திருவிழா எண்டால் ஒலிபெருக்கியும் வெடியும். அந்த நாட்களில் தெருவில் தொலைகிற நாய்களை யாரும் தேடிப் போறதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மேரி கவர் ஜோன்ஸ் செய்ததைத்தான். கிரைண்டருக்குப் பயம் எண்டால், வயரைக் கழற்றி அதைச் சும்மா ஒரு மூலையில் வையுங்க. நாய் எவ்வளவு தூரத்தில் நின்று நிம்மதியாகச் சாப்பிடுதோ, அந்தத் தூரத்தில் மீன்தலையோ கருவாடோ போடுங்க. நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்ட. அது பழகின பிறகு, வேறு அறையில் கிரைண்டரை ஒரு நிமிஷம் போடுங்க, அந்த நிமிஷம் தீனும் கொடுங்க. வெடிக்கும் அப்படியே. போனில் வெடிச் சத்தத்தைக் காதுக்குக் கேட்டும் கேட்காத மாதிரி வைத்துத் தொடங்க வேணும். தின்னாமல் விட்டால், நாக்கால் வாயை நக்கிக்கொண்டு நின்றால், வாலைக் காலுக்குள் சொருகினால் நீங்க அவசரப்பட்டுவிட்டீங்க எண்டு அர்த்தம். முந்தின படிக்குத் திரும்புங்க. இது கிழமைக்கணக்கில் எடுக்கும். ஒரு பெரிய வெடி எல்லாத்தையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடும், பாவ்லோவின் கதவுக்குக் கீழால் வந்த தண்ணி மாதிரி. திரும்பத் தொடங்கத்தான் வேணும்.

இரண்டு பழக்கத்தை உடனே விடலாம். ஒன்று, பயந்த நாயைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தெடுப்பது. அது தேடிக்கொண்ட பதுங்குகுழி அது, விட்டுவிடுங்க. மற்றது, 'தடவினால் பயம் கூடும்' எண்டு சொல்லி விலகி நிற்பது. பயம் நாய் விரும்பிச் செய்கிற குழப்படி இல்லை, தடவினதைக் கூலியாக எடுத்து இன்னும் பயப்பட.

குட்டிகளுக்கு வேலை இன்னும் இலகு. ஸ்கொட்டும் ஃபுல்லரும் 1965இல் எழுதிய புத்தகத்தில் காட்டினது, பிறந்து மூன்றாம் கிழமையில் இருந்து பன்னிரண்டாம் கிழமை வரையில் குட்டி எதைக் கண்டு பழகுதோ அதுதான் அதன் உலகம் எண்டு. அந்தக் கிழமைகளில் குட்டி குசினிச் சத்தத்துக்குள் வளரட்டும். கொட்டிலுக்குப் பின்னால் தனியே கட்டி வைக்காதீங்க.

எங்கட ஊரில் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறது நாய் மட்டும் இல்லை. கலியாண வீட்டு வெடிக்கு எழும்பி வாசலைப் பார்க்கிற பெரியவர்கள் இப்பவும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்றதில்லை, ஏனெண்டால் அவர்களுக்கு என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். நாய்க்கு என்ன நடந்தது எண்டு அதால் சொல்ல ஏலாது. அடுத்த திருவிழாவுக்கு முன்னம், வெடி போடுகிற நேரத்தைக் கோயில் மைக்கில் ஒருக்கா அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அறிவித்தால் நாயை உள்ளுக்கு எடுத்துக் கதவைச் சாத்திப்போட்டுக் கும்பிடப் போகலாம்.