மனவரைபடமும் அச்சு வரைபடமும்: நியூயார்க் சுரங்க இரயில் வரைபடம் (1972–1979)

போக்குவரத்து வரைபடங்களின் வரலாற்றை எழுதுவோர், ஹாரி பெக்கின் இலண்டன் வரைபடத்தை வெற்றியாகவும், மாசிமோ விக்னெல்லியின் நியூயார்க் வரைபடத்தை மக்கள் புரிந்துகொள்ளத் தவறிய நல்ல வடிவமைப்பாகவும் காட்டுவது வழக்கம். இக்கருத்து மறுஆய்வுக்குரியது. இரண்டின் வரைமுறையும் ஏறத்தாழ ஒன்றே, வேறுபட்டவை நகரங்கள்.

இலண்டன் சுரங்க இரயில் நிறுவனத்தில் வரைவாளராக இருந்த பெக், 1931இல் தடங்களைக் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றுள் அடக்கினார். நெருக்கமான நகர மையத்தை விரித்து, புறநகர்த் தொலைவுகளைச் சுருக்கினார். நிலத்தின் மேற்பரப்புக் கூறுகளில் எஞ்சியது தேம்ஸ் ஆறு மட்டுமே. முதலில் மறுக்கப்பட்டு 1933இல் அச்சேறிய அவ்வரைபடத்தைப் பயணிகள் விரும்பி ஏற்றனர். வளைந்து நெளியும் இலண்டன் தெருக்களை மனத்திற்கொண்டு அதைச் சரிபார்ப்பது எளிதன்று. ஆதலின் அதன் திரிபு பலர்க்கு உறுத்தவில்லை எனலாம்.

மன்ஹாட்டனின் பெரும்பகுதியோ 1811ஆம் ஆண்டுத் திட்டத்தால் கட்டங்களாகப் பகுக்கப்பட்டது; தெருக்களுக்கு எண்களே பெயர். அங்கு வாழ்பவர் மனத்திலேயே ஒரு வரைபடத்தைக் கொண்டிருப்பவர். 1972இல் வெளிவந்த விக்னெல்லியின் வரைபடம் அதனோடு மோதியது. ஏறத்தாழ 4 கி.மீ. நீளமும் 0.8 கி.மீ. அகலமும் உடைய சென்ட்ரல் பூங்கா, சதுரத்தை ஒத்த சாம்பல்நிறப் பரப்பாயிற்று. நீர்நிலைகள் மணல்நிறம் பெற்றன. பிராட்வே தடத்தின் 50ஆம் தெரு நிலையம், எட்டாம் அவென்யூவுக்குக் கிழக்கே இருக்க, மேற்கே காட்டப்பட்டது. இரயிலுக்குள் இருப்பவரை இது பாதிக்காது. படியேறி வெளியே வந்து நடப்பவரையோ எதிர்த்திசைக்கு அனுப்பிவிடும். ஒவ்வொரு வழித்தடத்திற்கும் தனிக்கோடும் தனிநிறமும் தந்த அதன் தெளிவு மறுக்கத்தக்கதன்று. எனினும் குறைகூறிய பயணிகளை வடிவமைப்பு அறியாதவர் என ஒதுக்குவது பொருந்தாது. அவர்கள் நகரை அறிந்திருந்தமையாலேயே பிழையைக் கண்டனர்.

1978இல் கூப்பர் யூனியனில் நடந்த விவாதத்தில், விக்னெல்லியும் புவியியல் முறையை ஆதரித்த ஜான் டாரனாக்கும் எதிரெதிர் நின்றனர். டாரனாக் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் மைக்கேல் ஹெர்ட்சின் நிறுவனம் வரைந்த படம் 1979இல் பழையதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் மன்ஹாட்டனை அகலப்படுத்தியே காட்டியது என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. பூங்காவையும் நீரையும் முற்றிலும் நீக்கியிருக்க வேண்டும் என விக்னெல்லி பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாதியளவு புவியியலே எதிர்ப்பைத் தூண்டியது என்பதை அவரும் உணர்ந்திருந்தார்.

2025இல் நியூயார்க் மீண்டும் விக்னெல்லியின் முறையைத் தழுவிய வரைபடத்திற்குத் திரும்பியது. தெருவின் திசையைக் கைப்பேசி காட்டும் காலம் அது.