போலிப் படங்களின் காலம்: விஞ்ஞானப் புனைகதைத் தொடர்கள் ஏன் மங்கின?

2010ஆம் ஆண்டின் நடுப்பகுதி. செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமிலிருந்து என் அக்காவும் அவருடைய மகனும் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மருமகனுக்கு அப்போது பதினொரு வயது. அவன் அதிகம் கதைப்பதில்லை. ஒருநாள் அவனாகவே வாய் திறந்து ஒன்றைக் கேட்டான். கார்கள் றோபோக்களாக மாறும் படம் பார்க்க வேண்டுமாம்.

நகரத்தில் ஒரு கடைக்குப் போய் இறுவட்டு ஒன்று வாங்கி வந்தேன். உறையில் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் பெரிய இயந்திர மனிதன். வீட்டில் போட்டுப் பார்த்தால், றோபோக்கள் வந்தது மொத்தமாக ஐந்து நிமிடம் இருக்காது. மிச்ச நேரமெல்லாம் நாலைந்து பேர் ஒரே அறைக்குள் நின்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள். அரைமணி நேரத்தில் அவன் சொல்லிவிட்டான்: "மாமா, இது அந்தப் படமில்லை. பேர்தான் கிட்டக்கிட்ட இருக்கு."

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். உண்மை வேறு. அந்தப் படம் களவாகப் பிரதி எடுத்த படம் அல்ல. அப்படியே திட்டமிட்டு, அப்படியே பெயர் வைத்து, அமெரிக்காவில் சட்டப்படி எடுத்து விற்கப்பட்ட படம். அதற்கென்று ஒரு தனித் தொழிலே இருக்கிறது.

மோக்பஸ்டர் என்பது என்ன?

பெரும் வசூல் படத்தை ஆங்கிலத்தில் 'புளொக்பஸ்டர்' என்பார்கள். அதைப் போலச் செய்து காட்டும் மலிவுப் படத்துக்கு 'மோக்பஸ்டர்' என்று பெயர். பெரிய நிறுவனம் ஒன்று பல மில்லியன் டொலர் செலவில் விளம்பரம் செய்துகொண்டிருக்கும்போது, அதே விடயத்தில், அதே சாயல் பெயரில், அதே வாரத்தில் ஒரு சிறிய படம் கடைத்தட்டுக்கு வந்துவிடும். விளம்பரச் செலவு மற்றவனுடையது. கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இவனுக்கு.

இது புதிய வழக்கமும் அல்ல. 1975இல் 'ஜோஸ்' சுறாப் படம் வெற்றி பெற்றது. 1978இல் தயாரிப்பாளர் றொஜர் கோர்மன் 'பிரானா' என்ற மீன் படத்தைக் கொண்டுவந்தார். 'ஸ்டார் வோர்ஸ்' வந்தபின் 1980இல் 'பற்றில் பியொண்ட் த ஸ்டார்ஸ்' எடுத்தார். 1993இல் 'ஜுராசிக் பார்க்' வருவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தன்னுடைய 'கார்னோசோர்' டைனசோர் படத்தைத் திரையிட்டுவிட்டார். 'ஜுராசிக் பார்க்'கில் நடித்தவர் லோரா டேர்ன். 'கார்னோசோர்'இல் நடித்தவர் அவருடைய தாயார் டயான் லாட்.

துருக்கியில் 1982இல் எடுத்த 'உலகைக் காப்பாற்றிய மனிதன்' என்ற படத்தில் 'ஸ்டார் வோர்ஸ்' காட்சிகளையே வெட்டி ஒட்டியிருப்பார்கள். இசையும் வேறு ஹொலிவூட் படங்களில் இருந்து எடுத்ததுதான்.

ஆனாலும் கோர்மனின் பட்டறையை வெறும் போலி என்று ஒதுக்க முடியாது. 'டைட்டானிக்', 'அவதார்' படங்களின் இயக்குநர் ஜேம்ஸ் கமரூன் கலை வேலை பழகியது 'பற்றில் பியொண்ட் த ஸ்டார்ஸ்' படத்தில்தான். குறைந்த காசில் விண்கலம் செய்யக் கற்றவர்கள் பிறகு பெரிய விண்கலங்களைச் செய்தார்கள்.

'அசைலம்' நிறுவனத்தின் வழி

இன்று இந்தத் தொழிலில் அதிகம் அறியப்பட்ட பெயர் கலிபோர்னியாவில் உள்ள 'த அசைலம்'. 1997இல் டேவிட் ரிமாவி, ஷெரி ஸ்ட்ரெய்ன், டேவிட் மைக்கல் லாட் ஆகியோர் தொடங்கினார்கள். முதலில் மலிவான திகில் படங்களையே எடுத்து விற்றார்கள்.

திருப்பம் 2005இல் வந்தது. எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் பெரும் செலவில் படமாக்கிக்கொண்டிருந்தார். 1898இல் நூலாக வந்த அந்த நாவலுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. யாரும் எடுக்கலாம். அசைலமும் எடுத்தது. அப்போதைய பெரிய வாடகைக் கடைத்தொடரான புளொக்பஸ்டர் அந்தப் படத்துக்கு ஒரு லட்சம் பிரதிகள் கேட்டது. அதற்கு முன் அசைலத்துக்கு அவ்வளவு பெரிய கட்டளை கிடைத்ததில்லை.

அதன்பின் வரிசையாக வந்தன. 'ஸ்நேக்ஸ் ஒன் எ பிளேன்' வந்தபோது 'ஸ்நேக்ஸ் ஒன் எ ட்ரெய்ன்'. விமானம் புகையிரதமானது, அவ்வளவுதான். 2007இல் 'ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்' வந்தபோது 'ட்ரான்ஸ்மோஃபர்ஸ்'. 2013இல் 'பசிபிக் றிம்' வந்தபோது 'அட்லான்டிக் றிம்'. 'ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்' சுமார் 150 மில்லியன் டொலரில் உருவானது. அசைலத்தின் படங்கள் பெரும்பாலும் ஒரு மில்லியனுக்கும் குறைவான செலவில், சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். படப்பிடிப்பு சில வாரங்கள்தான். முதலில் பெயரும் உறையும் தீர்மானமாகும், கதை பிறகு வரும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

ஒரு கருவுக்கோ வெறும் தலைப்புக்கோ பதிப்புரிமை இல்லை. றோபோக்கள் நகரத்தை உடைக்கின்றன என்பது யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் வாங்குபவரைக் குழப்பும் அளவுக்குப் பெயர் நெருங்கினால் வணிகக்குறிச் சட்டம் குறுக்கே வரும். 2012இல் 'பற்றில்ஷிப்' படத்தின் நிறுவனம் வழக்குப் போட்டதும், 'அமெரிக்கன் பற்றில்ஷிப்' என்று வரவிருந்த அசைலம் படம் 'அமெரிக்கன் வோர்ஷிப்ஸ்' ஆனது.

அதே ஆண்டு டிசெம்பரில் 'த ஹொபிட்' படத்துக்குச் சற்று முன்னதாக 'ஏஜ் ஒஃப் த ஹொபிட்ஸ்' வரவிருந்தது. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003இல் எச்சங்கள் கிடைத்த குள்ள மனித இனத்தை விஞ்ஞானிகளும் 'ஹொபிட்' என்றே அழைக்கிறார்கள், தங்கள் படம் அவர்களைப் பற்றியது என்று அசைலம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெயரில் வெளியிடத் தடை விழுந்தது. படம் பெயர் மாறி வந்தது.

ஒரு அலைவரிசை பெயர் மாறிய கதை

இறுவட்டு வாடகைக் காலம் முடிந்தது. புளொக்பஸ்டர் நிறுவனம் 2010இல் வங்குரோத்து அறிவித்தது. மலிவுப் படங்களுக்கு அடுத்த பெரிய வாசலாகத் தொலைக்காட்சி அமைந்தது. விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களின் கதை இந்த இடத்தில்தான் வந்து சேருகிறது.

அமெரிக்காவில் 1992 செப்டெம்பரில் 'சை-ஃபை சனல்' தொடங்கியது. விஞ்ஞானப் புனைகதைக்கென்றே ஒரு அலைவரிசை. 1999 முதல் 'ஃபார்ஸ்கேப்' அங்கே ஓடியது. வேறொரு அலைவரிசை ஐந்து பருவங்களோடு விட்ட 'ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1' தொடரை எடுத்து, பத்துப் பருவம் வரை, 214 அத்தியாயங்கள் ஓடவைத்தது. 2003இல் 'பற்றில்ஸ்டார் கலக்டிகா' புது வடிவில் வந்தது.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. 2004 முதல் பேய் தேடும் நிகழ்ச்சி. சனிக்கிழமை இரவுகளில் மலிவு மிருகப் படங்கள். பாதி மனிதன் பாதி நுளம்பாக வரும் 'மான்ஸ்கீட்டோ' அவற்றில் ஒன்று. 2006 முதல் மல்யுத்தம். 2009 ஜூலையில் அலைவரிசை தன் பெயரின் எழுத்தையே மாற்றி 'Syfy' என்பதற்கு ஈடான புது எழுத்துக்கூட்டலில் வந்தது. உச்சரிப்பு பழையதுதான். 'சை-ஃபை' பொதுச்சொல் என்பதால் அதை வணிகக்குறியாகப் பதிய முடியாது என்பது ஒரு காரணம். விஞ்ஞானப் புனைகதை என்ற எல்லைக்குள் அடைபட விரும்பவில்லை என்பது மற்றது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். விண்வெளித் தொடர் ஒன்றின் ஒரேயொரு அத்தியாயத்துக்கு ஒரு மில்லியன் டொலருக்கும் மேல் முடியும். அதே காசுக்கு ஒரு முழு மிருகப் படம் கிடைக்கும். மல்யுத்தத்துக்கு விண்கலமும் வேண்டாம், வேற்றுக்கிரகமும் வேண்டாம். தொடரை நேசிப்பவர்கள் பலர் பதிவுசெய்து பிறகு பார்த்தார்கள். விளம்பரக்காரர்களோ ஒளிபரப்பு நேரத்தில் முன்னால் இருந்து பார்ப்பவர்களுக்கே அதிகம் காசு கொடுத்தார்கள்.

2010இல் வெள்ளிக்கிழமை இரவு மல்யுத்தத்துக்குப் போனது. 'ஸ்டார்கேட் யூனிவர்ஸ்' செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளப்பட்டு, 40 அத்தியாயங்களுடன் 2011 மே மாதம் முடிந்தது. கடைசிக் காட்சியில் கப்பலில் உள்ளவர்கள் எல்லோரும் நீள்உறக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பழுதான உறக்கப் பெட்டியைத் திருத்த இரண்டு வாரம் மட்டும் கையிலிருக்க, ஒரு இளைஞன் தனியே விழித்திருக்கிறான். அவனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல அடுத்த பருவம் வரவில்லை.

2013 ஜூலையில் அதே அலைவரிசையில் அசைலத்தின் 'ஷார்க்நேடோ' வந்தது. சுழல்காற்று சுறாக்களைத் தூக்கி வந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கொட்டுகிறது. முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர்தான். ஆனால் டுவிட்டர் முழுவதும் அதுவே பேச்சு. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்தை 39 லட்சம் பேர் பார்த்தார்கள். 2018க்குள் ஆறு பாகங்கள். சிரிப்பதற்காகவே ஆட்கள் ஒன்றாகக் கூடிப் பார்த்தார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை.

போலிப் படங்கள்தான் நல்ல தொடர்களைக் கொன்றன என்று சொல்வதும் நியாயமல்ல. அவை காலியான இடத்தை நிரப்பின. அசைலமே அந்த அலைவரிசைக்கு 'இசட் நேஷன்' என்ற தொடரை ஐந்து பருவங்கள் எடுத்தது. 2015இல் 'த எக்ஸ்பான்ஸ்' என்ற கனமான தொடரும் அங்கேதான் தொடங்கியது. மூன்று பருவங்களுடன் 2018இல் அதை நிறுத்தினார்கள். ரசிகர்கள் காசு சேர்த்து, பதாகை கட்டிய விமானத்தை அமெசோன் ஸ்டூடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். அமெசோன் எடுத்து இன்னும் மூன்று பருவங்கள் தந்தது. நல்ல விஞ்ஞானப் புனைகதை முற்றாகச் சாகவில்லை. இணைய மேடைகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அங்கே பருவங்கள் சிறியவை, மாதக் கட்டணம் கட்டவும் வேண்டும்.

வெள்ளைப் பலகையில் ஒரு எண்

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அதற்குப் பதில் 'பற்றில்ஸ்டார் கலக்டிகா'வில் இருக்கிறது.

பன்னிரண்டு உலகங்கள் ஒரே நாளில் அழிகின்றன. தப்பியவர்கள் கப்பல்களில் ஏறி ஓடுகிறார்கள். அவர்களுடைய தலைவி ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறார். தொடரின் முதல் அத்தியாயம் '33'. 33 நிமிடத்துக்கு ஒரு தடவை எதிரி வருவதால் ஐந்து நாட்களாக யாரும் உறங்கவில்லை. தொடக்கத்தில் எண் 50,298. கப்பலின் நடைபாதைச் சுவர் முழுவதும் காணாமற்போனவர்களின் புகைப்படங்கள். ஒரு இளம்பெண் தன் குடும்பத்தின் படத்தை அங்கே கொண்டுவந்து ஒட்டுகிறாள். பின்னைய பருவங்களில் ஆக்கிரமிப்பு, தடுப்பு முகாம், தற்கொலைத் தாக்குதல், காட்டிக்கொடுத்தவர்களுக்குத் தண்டனை என்று எல்லாவற்றையும் தொடர் தொட்டது. யாருக்கும் இலகுவான பதிலைத் தரவில்லை.

2009 மார்ச் 17ஆம் திகதி, நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தொடரைப் பற்றி ஒரு கலந்துரையாடலை நடத்தியது. மனித உரிமை, பயங்கரவாதம், போரில் சிறுவர், நல்லிணக்கம் ஆகியவை பேசுபொருள்கள். மண்டபத்தின் மேசைகளில் நாடுகளின் பெயருக்குப் பதிலாகத் தொடரில் வரும் பன்னிரண்டு உலகங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். நடிகர்கள் எட்வேர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ், மேரி மக்டொனல் ஆகியோருடன், சிறுவரும் ஆயுத மோதலும் தொடர்பான ஐ.நா. விசேட பிரதிநிதியும் பேசினார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் எங்கள் நாட்டைச் சேர்ந்த ராதிகா குமாரசுவாமி.

அந்த மார்ச் மாதத்தில் என் அக்கா, அத்தான், மருமகன் மூவரும் புதுமாத்தளன் கரையில் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு அத்தானைக் காணவில்லை. அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. இரண்டும் ஒரே நாட்களில் நடந்தன என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

றோபோப் படத்தில் ஏமாந்து ஐந்தாறு வருடம் கழித்து மருமகனும் நானும் '33' பார்த்தோம். புகைப்படச் சுவர் வந்தபோது அவன் படத்தை நிறுத்தச் சொன்னான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மாமா, இவையின்ர சனத்தை எண்ண ஒரு ஆள் இருக்கிறா. எங்கட சனத்தை ஆர் எண்ணினது?"

என்னிடம் பதில் இல்லை. வன்னியில் இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. அக்கா அத்தானின் படத்தோடு இன்றும் போராட்டப் பந்தலுக்குப் போய் வருகிறார்.

சுறா பறக்கும் படத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அதற்கு நேரம் வேண்டும், பல அத்தியாயங்கள் வேண்டும், ஒரு மனிதர் மாறுவதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு அலைவரிசை அந்த நேரத்தை மல்யுத்தத்துக்குக் கொடுக்கும்போது, எங்கோ இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பையன் வாய் திறந்து கேட்கக்கூடிய ஒரு கேள்வியும் அதோடு போகிறது.

அன்று அவன் மறுபடி படத்தை ஓடவிட்டான். அத்தியாயத்தின் முடிவில் பலகையில் எண் 47,972 ஆகக் குறைந்திருக்கிறது. அப்போது ஒரு கப்பலில் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. தலைவி பலகைக்குப் போய் எண்ணை ஒன்று கூட்டி எழுதுகிறார். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்ததைப் போடுங்கோ மாமா" என்றான்.